காதல் கூச்சம்

காதல் கூச்சம் என்பது, காதல் உறவை விரும்பும் ஒருவர் அச்சத்தினாலோ தயக்கத்தினாலோ அதற்கான முதல் பேச்சைக்கூடத் தொடங்க இயலாதிருக்கும் நிலையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பிரையன் கில்மார்ட்டின் கூச்சத்தையும் காதலையும் பற்றி 1987இல் வெளியிட்ட நூலின் வழியாக இச்சொல் பரவலாக அறியப்பட்டது. இது ஒரு நோயின் பெயர் அன்று. எனினும், உளவியலில் சமூகப் பதற்றம் எனப்படும் நிலையோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. இருபாலருக்கும் இக்கூச்சம் உண்டு. ஆயினும் இதைக் குறித்த ஆய்வுகளும் அறிவுரை நூல்களும் பெரும்பாலும் காதல் அனுபவமற்ற ஆண்களை மனத்திற்கொண்டே எழுந்துள்ளன. இக்கட்டுரையும் அவர்களைப் பற்றியதே.

பின்னணி

முதலில் பேச வேண்டியவர் ஆணே என்னும் எதிர்பார்ப்பு இயற்கையானது போலத் தோன்றினாலும், அதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நடுத்தர வகுப்பினரிடையே, ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து, தாய் அருகில் இருக்கப் பேசிச் செல்லும் வழக்கம் இருந்தது. அங்கு அழைப்பு விடுக்கும் உரிமை பெண்ணுக்கோ அவள் தாய்க்கோ உரியது. அழைக்கப்படாமல் வருவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்கள் பெருகி, சந்திப்பு வரவேற்பறையிலிருந்து உணவகத்துக்கும் திரையரங்குக்கும் இடம்பெயர்ந்தது. வெளியே செல்வதற்குப் பணம் வேண்டும். பணம் செலுத்துபவர் ஆண் என்றானதும் அழைக்கும் பொறுப்பும் அவனிடம் வந்தது. டேட்டிங் என்று இன்று அறியப்படும் வழக்கம் இதுவே. மறுக்கப்படுவோமோ என்னும் அச்சமும் இம்மாற்றத்தோடு ஆணின் பக்கம் சேர்ந்தது.

எல்லிசின் பூங்காச் சோதனை

இத்துறையில் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, பின்னாளில் புகழ்பெற்ற உளவியலாளரான ஆல்பர்ட் எல்லிஸ் (1913 - 2007) தம் மீதே செய்துகொண்ட சோதனை ஆகும். நியூயார்க் நகரின் பிராங்சு பகுதியில் வளர்ந்த அவர், இளமையில் பெண்களிடம் பேச மிகவும் அஞ்சினார். அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு அடிக்கடி செல்வார், பெண்களைக் காண்பார், பேச நினைப்பார், ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

19 வயதில், ஒரு கோடைக்காலத்தில், அவர் தமக்கு ஒரு விதியை ஏற்படுத்திக்கொண்டார். பூங்கா இருக்கையில் தனியே அமர்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால் அதே இருக்கையில் அமர வேண்டும். அமர்ந்த ஒரு நிமிடத்துக்குள் பேச்சைத் தொடங்க வேண்டும். எப்பொருள் பற்றியும் பேசலாம், ஆனால் பேசாமல் எழக்கூடாது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 130 பெண்களின் அருகில் அவர் அமர்ந்தார். அவர்களுள் 30 பேர் உடனே எழுந்து சென்றனர். மீதமுள்ள 100 பேரிடம் பூக்கள், பறவைகள், நூல்கள் எனப் பலவற்றைப் பற்றிப் பேசினார். ஒரே ஒருவர் மட்டும் பின்னர் சந்திக்க இசைந்தார். அவரும் வரவில்லை.

காதலி தேடும் முயற்சியாகக் கொண்டால் இது முழுத் தோல்வி. எல்லிஸ் வேறு விதமாகக் கணக்கிட்டார். நூறு முறைக்கு மேல் மறுக்கப்பட்டும் தாம் அஞ்சிய எந்தப் பேரிடரும் நிகழவில்லை என்பதையும், அச்சம் படிப்படியாகக் குறைந்ததையும் அவர் கண்டார். குழந்தைகளின் அச்சத்தைப் போக்குவது பற்றிய முந்தைய ஆய்வுகளை அவர் படித்திருந்தார். முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவன் உணவு உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து, அவனது அச்சத்தைப் போக்கியதை மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் பதிவு செய்திருந்தார். அதே கொள்கையை எல்லிஸ் தமக்குப் பொருத்திக்கொண்டார் எனலாம். 1955 முதல் அவர் உருவாக்கிய, பகுத்தறிவை அடிப்படையாகக் கொண்ட உளச்சிகிச்சை முறையில், அஞ்சுவதைச் செய்து பார்க்கும் வீட்டுப்பாடங்கள் முக்கிய இடம் பெற்றன.

இச்சோதனையை அப்படியே பின்பற்றுவது நல்லதன்று. தனியே அமர்ந்திருக்கும் அறிமுகமற்ற பெண்ணை அணுகுவது பல இடங்களில் அவருக்கு அச்சமூட்டும். எழுந்து சென்ற 30 பேரின் தரப்பை எல்லிசின் கதை சொல்வதில்லை. உடன் பயில்வோர், உடன் பணிபுரிவோர், ஒரே குழுவில் ஈடுபாடு உள்ளோர் ஆகியோரிடம் காதல் நோக்கம் ஏதுமின்றி இயல்பாகப் பேசிப் பழகுவது அதே பயிற்சியை எவருக்கும் இடையூறின்றித் தரும்.

பயிற்சிச் சந்திப்புகள்

1970களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கான முறையான ஆய்வுகள் நடைபெற்றன. கூச்சம் மிக்க ஆண், பெண் மாணவர்கள் இருவர் இருவராக இணைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் வேறொருவரைச் சந்தித்துப் பேசினர். இது பயிற்சி மட்டுமே என்பது இருவருக்கும் தெரியும். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், ஹால் ஆர்கோவிட்ஸ் முதலானோர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு சந்தித்தவர்கள் சந்திக்காதவர்களைவிட முன்னேறினர். சந்திப்புக்குப் பின் குறை நிறைகளைக் கேட்டறிந்தவர்கள், அவ்வாறு கேளாதவர்களைவிட மேலதிகப் பயன் பெறவில்லை. எவரும் திருத்தாமலேயே பயிற்சி பயன் தந்தது என்பதால், இம்மாணவர்களிடம் குறைவாக இருந்தது திறமையைவிடப் பழக்கமே என்று கருத இடமுண்டு.

உரையாடல்

பெரும்பாலான அறிவுரை நூல்கள் என்ன பேசுவது என்பதிலேயே கவனம் செலுத்துகின்றன. கேட்பது அதைவிட முக்கியம் என்பதற்குச் சான்று உண்டு. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் ஹுவாங்கும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, சில நிமிடங்களில் பலரைச் சந்திக்கும் விரைவுச் சந்திப்பு நிகழ்வுகளையும் ஆராய்ந்தது. எதிரில் இருப்பவர் கூறியதையொட்டித் தொடர் கேள்விகள் கேட்டவர்களுக்கே இரண்டாம் சந்திப்புக்கான இசைவு கூடுதலாகக் கிடைத்தது. ஒரு பெண் தாம் மதுரையில் படித்ததாகக் கூறினால், உடனே தன் கல்லூரிக் கதையைத் தொடங்குவதைவிட, அங்கு வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்பது தொடர் கேள்வியாகும்.

2018இல் எரிக்கா பூத்பியும் பிறரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இங்கு குறிப்பிடத்தக்கது. புதியவர் ஒருவருடன் பேசிய பின், அவர் தம்மை எவ்வளவு விரும்பினார் என்பதை மக்கள் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகின்றனர். பேச்சு சொதப்பிவிட்டது என்று வருந்தும் கூச்சக்காரரின் கணிப்பு பெரும்பாலும் தவறானது என்று இதற்குப் பொருள்.

ஆனால் எதிர்த்திசைப் பிழையும் உண்டு. பெண் ஒருவரின் சாதாரண நட்பை ஆண்கள் காதல் அல்லது பாலியல் ஆர்வமாகக் கொள்ளும் போக்கை அன்டோனியா ஆபி 1982இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புன்னகையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், தேநீர் அருந்த வர விருப்பமா என்று தெளிவாகக் கேட்பதே இவ்விரு பிழைகளுக்கும் மாற்றாகும்.

உத்தி நூல்கள்

அனுபவமற்ற ஆண்களின் ஏக்கத்தை நம்பி ஒரு வணிகமே வளர்ந்துள்ளது. எரிக் வெபர் 1970இல் எழுதிய நூல் இவ்வகையில் முன்னோடி. நீல் ஸ்ட்ராஸ் 2005இல் வெளியிட்ட நூல், பெண்களைக் கவரும் உத்திகளைப் பயிலும் ஆண்களின் குழுக்களை உலகறியச் செய்தது. ஒரு பெண்ணின் தன்னம்பிக்கையைக் குலைக்குமாறு புகழ்ச்சிபோல் இகழ்ந்து பேசுவது அவர்களது உத்திகளுள் ஒன்று. 2015இல் எழுதிய நூலில் ஸ்ட்ராஸ், நிலையான உறவைப் பேண இயலாத தம் நிலையைப் பற்றி எழுதினார். மனப்பாடம் செய்த வசனங்கள் கூச்சத்தை மறைக்கலாம், ஆனால் எதிரில் இருப்பவரை அறிய உதவா.

தனிமை வெறுப்பாக மாறும் ஆபத்தும் உண்டு. விருப்பமின்றித் துணையற்று இருப்போருக்கு ஆறுதல் அளிக்கும் நோக்கில், 1997இல் கனடிய மாணவி ஒருவர் இருபாலருக்குமான முயற்சி ஒன்றைத் தொடங்கினார். அங்கு பிறந்த பெயரைப் பின்னர் பெண் வெறுப்பைப் பரப்பும் ஆண்கள் தமதாக்கிக்கொண்டனர். 2014இல் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் 6 பேரும், 2018இல் டொராண்டோவில் ஊர்தி ஏற்றப்பட்டு 10 பேரும் கொல்லப்பட்டதற்கு இவ்வெறுப்போடு தொடர்பு உண்டு. டொராண்டோவில் காயமுற்ற மேலும் ஒருவர் 2021இல் இறந்தார்.

மறுப்பு

எந்தப் பயிற்சியும் மறுப்பே வராது என்று உறுதி தர இயலாது. மறுப்பு வந்தால், பரவாயில்லை என்று கூறி விலகுவது போதுமானது. காரணம் கேட்டு வற்புறுத்துதல், நண்பர்கள் வழியாகத் தூது விடுதல், திரும்பத் திரும்பச் செய்தி அனுப்புதல் ஆகியவை விடாமுயற்சி ஆகா. மறுத்த பெண்ணைப் படம் முழுதும் பின்தொடர்ந்து மனம் மாற்றும் நாயகனைத் தமிழ்த் திரைப்படங்களில் கண்டு வளர்ந்தவர்கள் இதைத் தனியே கற்க வேண்டியுள்ளது. ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் அவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது அல்லது தொடர்புகொள்வது, இந்தியாவில் 2013 முதல் குற்றமாகும். 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இக்குற்றம் 78ஆம் பிரிவில் அமைந்துள்ளது. முதல் முறைக்கு 3 ஆண்டுகள் வரையும், மீண்டும் செய்தால் 5 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.