உங்களுக்குத் தெரியுமா? யந்திரத்தின் முகத்தில் ஒரு நரபலித் தெய்வம்

விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்கு முன்னோடியாய், 1927 ஜனவரியில் பெர்லின் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் மௌனச் சித்திரத்தில், யந்திரசாலை விபத்தைக் கண்டு திகைத்து நிற்கும் அதிபரின் குமாரனுக்கு, அந்த மாபெரும் யந்திரமே விவிலியம் கூறும் நரபலித் தெய்வமான மோலோக்கின் முகமாக மாறி, படிகளில் அணியணியாக ஏறிவரும் தொழிலாளரை வாய்திறந்து விழுங்குவதாகத் தோன்றுகிறது. யந்திரத்தின்மீது மனிதனுக்குள்ள பயபக்தியை இத்துணைத் துல்லியமாகக் காட்டிய காட்சி வேறொன்றை நான் அறியேன்.

இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் அதோடு அமையவில்லை. நிலவறையில் சிலுவைகளின் முன்னின்று பாபேல் கோபுரக் கதையை உபதேசிக்கும் மரியா என்ற புனிதவதியையும், அவளுடைய உருவத்தையே தாங்கி ஜனங்களை மயக்கி, முடிவில் தேவாலய வாசலில் சூனியக்காரியென்று கொளுத்தப்படும் யந்திரப் பாவையையும், பிரிகிட்டே ஹெல்ம் என்னும் ஒரே நடிகையைக் கொண்டே நடிக்கவைத்தார்.