சலவை இயந்திரத்தில் நீர்க்கசிவு: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

பழைய சலவை இயந்திரம் (வாஷிங் மெஷின்) கசியத் தொடங்கினால், அதைப் பழுதுபார்ப்பதா அல்லது புதியது வாங்குவதா என்பதை அதன் வயதைவிடக் கசியும் இடமே பெரிதும் தீர்மானிக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் நீரின் தன்மையும் பட்டாசுத் தொழிலின் வருமானப் போக்கும் இம்முடிவில் சேர்கின்றன.

கசியும் இடங்கள்

தண்ணீர் நிரம்பும்போதே பின்புறம் சொட்டினால், குழாய் இணைப்பிலுள்ள வாஷர் தேய்ந்திருக்கலாம். முன்புறக் கதவின் அடியில் வழிந்தால், ரப்பர் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கசிந்தால், வடிகுழாயையோ பம்ப்பையோ பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் குறைந்த செலவில் சரியாகும். சலவைத்தூள் அதிகமாகி நுரை பொங்கி வழிந்தால், அது பழுதே அன்று.

அடிப்பகுதியின் நடுவில் சொட்டி, சுழலும்போது இரைச்சலும் கேட்டால், சீலும் பேரிங்கும் கெட்டிருக்க வாய்ப்புண்டு. இதற்கு இயந்திரத்தை முழுவதும் பிரிக்க வேண்டும் என்பதால் கூலி கூடும். தொட்டியில் விரிசல் விழுந்தாலோ உடற்பகுதி துருவேறி அரித்துப்போனாலோ மாற்றுவதே நல்லது.

உப்புத் தண்ணீர்

வறண்ட இம்மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராகும். அதிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் வால்விலும் ஹீட்டரிலும் படிகின்றன. ஆகவே புதிய இயந்திரமும் இதே நீரில் இதே பாதிப்பை அடையும். வடிகட்டி வலையை அடிக்கடி கழுவுவதும், அவ்வப்போது படிவுநீக்கி இட்டு வெறுமையாக ஓட்டுவதும் ஆயுளை நீட்டிக்கும்.

செலவுக் கணக்கு

பழுதுச் செலவை, அதன்பின் இயந்திரம் உழைக்கக்கூடிய ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, 20,000 ரூபாய் இயந்திரம் 10 ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஆகும். பழைய இயந்திரம் 3,000 ரூபாய் செலவில் இன்னும் 3 ஆண்டுகள் ஓடினால் ஆண்டுக்கு 1,000 ரூபாய், பழுதுபார்ப்பதே இலாபம். 8,000 ரூபாய் செலவிட்டு 2 ஆண்டுகளே ஓடுமானால் ஆண்டுக்கு 4,000 ரூபாய், அது நட்டம்.

சிவகாசி வட்டாரப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காலமும் முக்கியம். மழை நாட்களில் வேலை தடைபடும். தீபாவளிக்குப் பின் ஆலைகள் வழக்கமாகச் சில காலம் மூடப்படும். போனஸ் முழுவதையும் புதிய இயந்திரத்தில் போட்டால், வேலையில்லா வாரங்களில் தவணையும் வீட்டுச் செலவும் ஒன்றாக நெருக்கும். மருந்தும் அலுமினியத் தூளும் படிந்த வேலை உடைகளை நாள்தோறும் துவைக்க வேண்டியிருப்பதால், இயந்திரத்தை நெடுநாள் நிறுத்தி வைப்பதும் கடினம். அவ்வுடைகளை முதலில் தனியாக வாளியில் ஊறவைத்து அலசுவது நல்லது.

பாதுகாப்பு

கசியும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே நாட்களைக் கடத்தக் கூடாது. தேங்கிய நீரில் கால் வைக்காமல், முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பிறகு பிளக்கைக் கழற்ற வேண்டும். தொடும்போது மின் அதிர்ச்சி உணரப்பட்டால், மின்பணியாளர் சோதிக்கும்வரை பயன்படுத்தக் கூடாது. நில இணைப்பும் (எர்த்), 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் உயிர் காப்பவை.

பழையதை அகற்றுதல்

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022 சலவை இயந்திரத்துக்கும் பொருந்தும். எனவே கழித்த இயந்திரத்தைக் குப்பையில் போடாமல், கடையின் பழைய பொருள் மாற்றுத் திட்டத்திலோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுப்பது முறையாகும்.