கடலோரத்தில் ஆழமாப் போனா உப்புத் தண்ணிதான்!

சென்னை,
வீட்டில் போர் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! சென்னையில் பேட்டைக்குப் பேட்டை மண் வேறு.

திருவான்மியூர், பெசன்ட் நகர் கடலோரம் மணல் பூமி. மழையால் ஊறிய நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. அடியிலே கடல் தண்ணீர்! "இன்னும் 20 அடி போடுப்பா" என்று ஆசைப்பட்டால் உப்புதான் வரும். மோட்டார் வைத்து ராப்பகலாக இழுத்தாலும் அதே கதி. பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். இங்கே ஆழமில்லாத உறைகிணறே நல்லது.

பறங்கிமலைப் பக்கம் கதையே வேறு. கீழே பாறை. அதன் வெடிப்பில்தான் தண்ணீர். மெஷின் வைத்துத்தான் துளைக்க வேண்டும். மேல்மண் சரியாமல் பாறை வரை கேசிங் பைப் இறக்க வேண்டும்.

மழைத் தண்ணீரையும் மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே வந்த உப்பு லேசில் போகாது!