கரிசலுக்கு 35,000 படங்கள்

இலையைப் படமெடுத்துக் காட்டினால் கணினி நோயைச் சொல்லும் என்ற பேச்சு எழுந்தாலே 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் வெளியிட்ட ஆய்வைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 'பிளான்ட்வில்லேஜ்' தொகுப்பின் 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். நலமான இலைகளையும் சேர்த்து 38 வகைகள். எட்டிய துல்லியம் 99.35 சதவீதம்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. வெளியிலிருந்து திரட்டிய 121 படங்களைக் காட்டியபோது துல்லியம் 31.4 சதவீதமாக இறங்கியது. 38 சரி, 83 தப்பு. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவீதம்தான் கிடைக்கும் என்பதால் இதுவும் சாதனைதான். ஆனால் இதை நம்பி மருந்து அடிக்க முடியாது. பழக்கிய படங்கள் எல்லாம் இலையைப் பறித்து, சாம்பல் அல்லது கறுப்புத் தாளின் மேல் வைத்து எடுத்தவை. காடு அப்படியா இருக்கிறது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் கரிசல் காட்டில் நின்று அந்த 14 பயிர்களைத் தேடினால் கைக்குச் சிக்குவது மக்காச்சோளம்தான். ஆப்பிள், திராட்சை, ஸ்ட்ராபெரி, குடைமிளகாய் உண்டு. பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய் இல்லை. மக்காச்சோளத்துக்கு 3,852 படங்கள் இருந்தும், படைப்புழுவுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் புழு 2018இல்தான் இந்தியாவுக்கு வந்தது. ஆய்வாளர்கள் மேல் குற்றமில்லை.

படைப்புழு இருக்கும் இடம் குருத்து. மேலிருந்து குனிந்து பார்த்தால் இலையில் கந்தல் கந்தலாக ஓட்டை, உள்ளே ஈரமான மரத்தூள் போலப் புழுவின் எச்சம். புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. பறித்துத் தாளில் வைத்த இலை இதில் எதைக் காட்டும்? போதாததற்கு, மழை தவறினால் நோயில்லாத பயிரும் மஞ்சளடித்து வாடும். அதையும் கணினிக்குத் தனி வகையாகக் கற்றுக்கொடுக்காவிட்டால் தாகத்தை நோய் என்று சொல்லிவிடும்.

சரி, நம் காட்டுக்கு என்ன செலவாகும்? கூலியும் நேரமும் என் உத்தேசம். 5 பயிர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தொல்லைகள், நலமானது, வாடியது என 5 நிலைகள். மொத்தம் 25 வகைகள். பிளான்ட்வில்லேஜ் சராசரிப்படி வகைக்கு 1,400 வைத்தால் 35,000 படங்கள். படத்துக்கு 2 நிமிடம், நாளைக்கு 6 மணி நேரம் என்றால் 195 ஆள்நாள். மூன்று பேர் 65 நாளில் முடிக்கலாம். ஆள்நாளுக்கு ரூ.700 வீதம் ரூ.1,36,500. ஒவ்வொரு படத்தையும் இரண்டு நிபுணர்கள் அரை அரை நிமிடம் பார்த்துப் பெயரிட 583 மணி நேரம், மணிக்கு ரூ.500 வீதம் ரூ.2,91,500. படத்துக்கு 3 எம்பி என்றால் 105 ஜிபி. சேமிக்க ஒரு வன்தட்டு, ரூ.5,000. ஆக மொத்தம் ரூ.4,33,000.

இதில் மூன்றில் இரண்டு பங்கு, பார்த்துச் சொல்லும் கண்ணுக்கான கூலி. ஆய்வுக்குப் பணம் கேட்பவர்கள் கணினிக்கு முதல் வரி ஒதுக்கிவிட்டு, இந்த வரியை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கண் உள்ளவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் இருக்கிறது. இந்தப் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் பட வகைப்பாட்டை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் ஆப்பிள் இலையை விட்டுவிட்டு, ஐப்பசி விதைப்பு முளைத்ததும் அந்த நிலையத்துக்குப் போய் உதவி கேட்க வேண்டும். திரட்டும் படங்களை எல்லோருக்கும் திறந்து வைக்கவும் வேண்டும்.