பழைய கதவைப் பூட்டிய பிறகு

மைசூரு ஹெப்பாளில் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போனால் இன்ஃபோசிஸ் வளாகம் வரும். முன்னூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் இந்த இடத்தில்தான் கல்லூரி முடித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மென்பொருள் எழுதப் பழகுகிறார்கள். அதே நிறுவனம் உருவாக்கிய வருமான வரி இணையதளம் 2021 ஜூன் 7 இரவு திறக்கப்பட்டது. 4,242 கோடி ரூபாய்த் திட்டம் அது. ரிட்டர்னைப் பரிசீலிக்க ஆகும் 63 நாட்களை ஒரே நாளாகக் குறைப்பது அதன் நோக்கம்.

மறுநாளே புகார்கள் குவிந்தன. லாகின் ஆகவில்லை. ஆதாருக்கான ஓடிபி வரவில்லை. பழைய ரிட்டர்ன்களைத் திறக்க முடியவில்லை. ஜூன் 22-ல் நிதியமைச்சகம் கூட்டிய கூட்டத்தில் பயனாளர் தரப்பு எழுதிக் கொடுத்த புகார்கள் 2,000-க்கு மேல்; ஒரே மாதிரியானவற்றைக் கழித்தாலும் தனித்தனிக் கோளாறுகள் 90. ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடு செப்டம்பர் வரை நீட்டிக்கப்பட்டிருந்தும், ஜூலை 31-க்குப் பிறகு தாக்கல் செய்த சிலரிடம் தாமதக் கட்டணத்தையும் கணக்குப் போட்டுக் கேட்டது இணையதளம். ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் அது திறக்கவே இல்லை. 23-ஆம் தேதி நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பாரேக்கை அமைச்சகம் நேரில் வரவழைத்தது.

இப்படிப்பட்ட இணையதளம் ஏன் இவ்வளவு சீக்கிரம் மூச்சுத் திணறுகிறது? நிரல் பிழைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வரிசை பற்றிய பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1909-லேயே கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் கணித அறிஞர் எர்லாங் இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்.

ஒரே ஒரு கவுன்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வேலையை முடிக்க சராசரியாக 2 நிமிடம். ஆட்கள் ஒழுங்கில்லாமல், நினைத்த நேரத்துக்கு வருகிறார்கள். கவுன்டர் பாதி நேரம்தான் மும்முரம் என்றால், வந்தவர் 4 நிமிடத்தில் வெளியேறுவார். 80 சதவீதம் மும்முரமானால் 10 நிமிடம். 90 என்றால் 20. 95 ஆனால் 40 நிமிடம்! கடைசியாகக் கூடிய அந்த 5 சதவீதக் கூட்டம் காத்திருப்பை இரண்டு மடங்காக்கிவிடுகிறது. சர்வருக்கும் இதே கதிதான்.

இதில் மனித இயல்பும் சேர்ந்துகொள்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமை இழந்தவர் பக்கத்தை மறுபடி ஏற்றுகிறார். அவருடைய முதல் கோரிக்கை இன்னும் உள்ளே நிற்க, இரண்டாவதும் வரிசையில் சேருகிறது. ஓடிபி தாமதமாக வந்து காலாவதியானால் இன்னொன்று கேட்கிறார். பத்துப் பேர் நிற்கும் வரிசை முப்பது பேர் வரிசையாகச் சர்வருக்குத் தெரிகிறது.

உலகெங்கும் இதே கதைதான். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு இணையதளம் 2013 அக்டோபர் 1-ல் திறந்தபோது, முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் வெறும் 6 பேர். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. அவர்களில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள்.

பிழையே இல்லாத மென்பொருள் எங்கும் கிடையாது. அதை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வேறு வழி தராமல் பழையதை நிறுத்துவதுதான் அவர்களை வதைக்கிறது. நம் பழைய வரி இணையதளம் ஜூன் 1 முதல் 6 வரை மூடப்பட்டு, பிறகு திரும்ப வரவே இல்லை. சிறிது காலம் இரண்டும் அருகருகே இயங்கியிருந்தால், ஆடிட்டர் அலுவலகங்களில் நள்ளிரவுவரை கண்விழித்த எத்தனையோ பேர் தூங்கியிருப்பார்கள். வரித்துறைக்கு மிச்சமான நேரம், தாக்கல் செய்ய உட்கார்ந்தவரின் இரவிலிருந்து எடுக்கப்பட்டது.

டிசம்பர் 31-க்குள் நிலைமை மாறிவிட்டது உண்மைதான். மறுபடியும் நீட்டிக்கப்பட்ட கெடுவின் கடைசி நாளான அன்று மட்டும் 46 லட்சத்துக்கு மேல் ரிட்டர்ன்கள் தாக்கலாயின.

அதற்கு முன் ஓர் இடத்தில் மட்டும் பழைய வழி திறந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தேவையான 15சிஏ, 15சிபி படிவங்களைக் காகிதத்திலேயே வங்கியில் கொடுக்கலாம் என்று ஜூன் 14-ல் நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள். அது ஆகஸ்ட் 15 வரை நீண்டது. ஊரில் வீட்டை விற்ற பணத்தை எடுத்துச்செல்ல வந்த வெளிநாட்டுத் தமிழரும், அயல்நாட்டு நிபுணருக்குக் கட்டணம் அனுப்ப வேண்டிய சிறு தொழில்காரரும் அந்த இரண்டு மாதங்களில் கையெழுத்திட்ட தாளுடன் வங்கிக்குப் போய் வேலையை முடித்துக்கொள்ள முடிந்தது.