சர்வீஸுக்குப் பிறகு பின் பிரேக் தகராறா?

வண்டியை சர்வீஸுக்கு விடுகிறோம். மாலையில் போனால் "எல்லாம் பார்த்தாச்சு தம்பி, எடுத்துட்டுப் போகலாம்" என்கிறார்கள். பணம் கட்டி எடுத்து வந்தால், காலையில் ஒழுங்காக இருந்த பின் பிரேக் மாலையில் சரியில்லை! எவ்வளவு மிதித்தாலும் பிடிக்கவில்லை, அல்லது மிதிக்காமலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது 'கீச்' என்று தெருவையே கூட்டுகிறது. திரும்பப் போய்க் கேட்டால் "புது ஷூ சார், போகப்போக சரியாயிடும்" என்று பதில் வரும். சில கோளாறுகள் போகப்போக சரியாகும். சில, போகப்போக ஆளையே கவிழ்த்துவிடும். எது எது என்று பிரித்தறிய வேண்டாமா?

அதற்கு ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். சர்வீஸுக்குப் பிறகு வந்த கோளாறு, பெரும்பாலும் சர்வீஸில் கை வைத்த இடத்தில்தான் இருக்கும். எனவே மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது, "எதையெல்லாம் கழற்றினீங்க?" என்பதுதான்.

நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சி.சி. வண்டிகளின் டிரம் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். பெடலை மிதித்தால் பிரேக் ராடு முன்னால் இழுபடும். அது பிரேக் தட்டின் வெளியே இருக்கும் கேம் லீவரை இழுக்கும். உள்ளே கேம் திரும்பி, இரண்டு ஷூக்களையும் விரித்து, சுற்றும் டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். காலை எடுத்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். சக்கரத்தோடு சேர்ந்து தட்டும் சுற்றிவிடாதபடி டார்க் ராடு என்ற இரும்புப் பட்டை அதைக் கட்டிப்போட்டிருக்கும்.

1. மிதிக்காமலேயே பிடிக்கிறதா?

வண்டி இழுக்காது, மைலேஜ் குறையும், தள்ளினால் கனக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுக்குள் நின்றால் ஷூ உரசுகிறது. ஓட்டிவிட்டு நிறுத்தியதும் டிரம் பக்கம் கை கொண்டுபோனாலே அனல் தெரியும். தொட வேண்டாம்!

காரணம் பலமுறை பிரேக்கில் இருக்காது, செயினில் இருக்கும்! தொங்கிய செயினை டைட் வைக்கும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது. கேம் லீவரும் கூடவே பின்னால் போகிறது. ராடின் நீளமோ மாறவில்லை. ஆகவே யாரும் மிதிக்காமலேயே பிரேக் கொஞ்சம் மிதிபட்டதுபோல் ஆகிவிடுகிறது. செயின் டைட் செய்தவர் பிரேக் நட்டையும் சரிசெய்ய வேண்டும். அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.

ராடு முனையிலுள்ள நட்டைப் பாதிப் பாதிச் சுற்றாகத் தளர்த்துங்கள். பெடல் முனையில் 20 முதல் 30 மி.மீ. வரை ஃப்ரீ ப்ளே இருப்பது இவ்வகை வண்டிகளில் வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிரேக் லைட் சரியாக எரிகிறதா என்றும் பாருங்கள்.

2. மிதித்தும் பிடிக்கவில்லையா?

(அ) ஃப்ரீ ப்ளே அதிகமா? நட்டை இறுக்கினால் போதும்.

(ஆ) லைனரில் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கலாம். கேமுக்கு அளவுக்கு மீறி கிரீஸ் வைத்தால் சூட்டில் உருகி லைனரில் இறங்கும். டிரம்மைத் துடைத்துவிடலாம், ஊறிய லைனரை மாற்றத்தான் வேண்டும். வாட்டர் வாஷ் தண்ணீர் மட்டும் என்றால், மெதுவாக ஓட்டியபடி நாலைந்து முறை லேசாக மிதித்தால் காய்ந்துவிடும்.

(இ) தேய்ந்த டிரம்மில் புது ஷூ போட்டால் முழு வளைவும் படியாது. இதுதான் உண்மையிலேயே போகப்போக சரியாகும் கோளாறு. ஆனால் டிரம்மில் பதித்திருக்கும் உச்ச விட்ட அளவைத் தாண்டித் தேய்ந்திருந்தால், எத்தனை ஷூ போட்டாலும் பயனில்லை.

(ஈ) கேம் லீவரைக் கழற்றி மாட்டும்போது பஞ்ச் குறிகள் நேராகச் சேர வேண்டும். ஒரு பல் மாறினாலும் கோணம் கெடும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் ராடுக்கும் லீவருக்கும் கோணம் சுமார் 90 டிகிரி இருந்தால் முழு முறுக்குவிசை கிடைக்கும். அதுவே 120 டிகிரி ஆனால்? சைன் 120 என்பது 0.87. நம் கால் விசையில் 13 சதவீதம் வீண்! மெக்கானிக்ஸ் பாடத்தில் போட்ட கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது.

3. 'கீச்' சத்தமா?

தூசியோ, பளபளப்பேறிய லைனரோ காரணமாக இருக்கும். எமரி ஷீட்டால் லேசாகத் தேய்த்தால் அடங்கும். ஆனால் டிரம்மைத் திறந்ததும் வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

4. உயிர் விஷயம்

டயர் மாற்ற, ஷூ மாற்ற என்று சக்கரத்தைக் கழற்றும்போது டார்க் ராடு நட்டையும் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது அதன் ஸ்பிளிட் பின்னை விட்டுவிட்டால், அதிர்வில் நட்டு கழன்று விழலாம். அப்புறம் ஒருநாள் பிரேக் மிதித்ததும் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், ராடு முறுக்கிக்கொள்ளும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இந்தக் கோளாறுக்கு முன்கூட்டியே சத்தமும் கிடையாது, சூடும் கிடையாது. கண்ணால் பார்த்தால் மட்டுமே தெரியும்.

ஆகவே வண்டியை வாங்கியதும், கேட்டைத் தாண்டும் முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். டார்க் ராடு நட்டும் பின்னும் இருக்கிறதா? ஆக்ஸில் நட்டு இறுக்கமா? பிரேக் நட்டின் வளைந்த பள்ளம் லீவர் பின்னில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா? சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா? பெடல் ப்ளே சரியா? பின்பு அங்கேயே மெதுவாக ஓட்டி இரண்டு தடவை மிதித்துப் பாருங்கள். "ஷூ மாத்தியாச்சு" என்றால் பழைய ஷூவைக் கேட்டு வாங்குங்கள்.

2019 ஏப்ரலில் இந்தியாவில் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. சி.பி.எஸ். வண்டியில் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். எனவே அட்ஜஸ்ட் செய்தபின் இரண்டு சக்கரத்தையும் சோதிக்க வேண்டும். பின்னாலும் டிஸ்க் இருந்து, பேடு மாற்றியிருந்தால், பெடல் கெட்டியாகும் வரை நின்ற இடத்திலேயே பலமுறை மிதித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்படியும் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கிறது. அதை வெளியேற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு நம்மில் பலர் சர்வீஸ் சென்டரில் ஸ்பேனர் பிடிக்கப் போகிறவர்கள். சிலர் சூப்பர்வைசராக ஜாப் கார்டில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். செயினில் கை வைத்தால் பிரேக்கையும் பார், கழற்றிய பின்னைத் திரும்பப் போடு. இந்த இரண்டையும் இன்றே பழகிக்கொள்வோம். அந்த வண்டியில் போகிறவருக்கு நம் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் நம் வேலையை நம்பித்தான் அவர் பெடலை மிதிக்கிறார்.