பிள்ளைகளின் புத்தக அலுமாரி

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எந்த விதைநெல்லையும் நாம் வயலில் விதைப்பதில்லை. எத்தனை மாதப் பயிர், எங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவருமா என்று விசாரித்துத்தான் கை வைக்கிறோம். பிள்ளைகளின் புத்தக விடயத்தில் மட்டும் அப்படி விசாரிப்பதில்லை. யாரோ ஒருவர் பாடசாலைக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொடுத்தால், படம் பிடித்து, நன்றி கூறி, அலுமாரியில் அடுக்கிவிடுகிறோம்.

அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியும். வீடு ஒதுக்கும்போது கழித்துவிட்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியம், பாடத்திட்டம் மாறியதால் பயனற்றுப்போன பாடநூல், பெரியவர்களுக்கான நாவல், பரீட்சை வினாவிடைத் தொகுப்பு. ஐந்து வயதுப் பிள்ளை தானாக எடுத்து விரிக்கக்கூடிய படப் புத்தகத்தைக் காண்பது அருமை. இடம்பெயர்ந்து, பாடசாலை மாறி மாறிப் படித்த பிள்ளைகள் பலர் வாசிப்பில் பின்தங்கியிருப்பார்கள். அவர்களுக்கு வயதைப் பாராமல் வாசிக்கும் ஆற்றலைப் பார்த்தே புத்தகம் கொடுக்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை பெரிய எழுத்துப் படக்கதையை எடுத்தால், "இது சின்னப்பிள்ளையின் புத்தகமல்லவா" என்று கேலி செய்து பறிக்காதீர்கள்.

நன்கொடை கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டாம் உலகப் போர் 1945 இல் முடிந்தபோது ஜேர்மனியின் நகரங்கள் இடிந்து கிடந்தன. யெலா லெப்மான் என்ற யூதப் பெண்மணி, ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்துக்குத் தப்பியோடியவர், அந்த ஆண்டில் அங்கு திரும்பி வந்தார். சோறும் கூரையும் இல்லாத இடத்தில் புத்தகம் எதற்கு என்ற கேள்வி அவர் முன்னும் எழுந்தது. ஆனாலும் இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதி, சிறுவர் நூல்களை அனுப்பும்படி கேட்டார். மொழி தெரியாவிட்டாலும் பார்த்து மகிழலாம் என்பதால் படப் புத்தகங்களை விசேடமாகக் கேட்டார். ஜேர்மனியின் படையெடுப்பால் அழிவைக் கண்ட பெல்ஜியம் முதலில் மறுத்துவிட்டது. அவர் மீண்டும் எழுதிக் கேட்ட பின்னர் அனுப்பியது. வந்த நூல்களைக் கொண்டு 1946 யூலையில் மியூனிச் நகரில் கண்காட்சி நடந்தது. அதன் வழியாகவே 1949 இல் அங்கு சர்வதேச இளையோர் நூலகம் உருவாயிற்று.

இன்னொன்றும் செய்தார். அமெரிக்கரான மன்றோ லீஃப் 1936 இல் வெளியிட்ட ஒரு கதையைத் தாமே மொழிபெயர்த்து, பத்திரிகைத் தாளில் 30,000 பிரதிகள் அச்சிடச் செய்து பேர்லின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சண்டைக்குப் போக விரும்பாமல், மரநிழலில் இருந்து பூ மணக்கும் ஒரு காளையின் கதை அது. தாள் மலிவுதான், தெரிவு மலிவல்ல. யாருக்கு, எதை, ஏன் என்று யோசித்துக் கொடுத்தார்.

நமக்கு வருவோம். கடைகளில் வாங்கும் தமிழ்ச் சிறுவர் நூல்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டில் அச்சானவை. பெருந்தொகையாக அச்சிடப்படுவதால் விலை குறைவு. அவற்றில் நல்லவை உண்டு, தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் கதிரை நாற்காலியாகவும், கொப்பி நோட்டாகவும் இருக்கும் நூல்களை மட்டுமே கண்டு வளரும் பிள்ளை, தன் வீட்டுப் பேச்சு புத்தகத்துக்கு ஏற்றதல்ல என்று எண்ணிக்கொள்ளும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878-1953) கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிப் பாடினார். தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு வெருளி யாரென்று விளக்க வேண்டுமா? நலன்புரி நிலையத்தில் பிறந்து தோட்டத்தையே காணாத பிள்ளைக்கு விளக்கத்தான் வேண்டும். ஆகவே அந்தப் பாட்டு அப்பிள்ளைக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

றூம் ரு றீட் நிறுவனம் 2005 இல் இலங்கையில் வேலை தொடங்கி, சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் படக்கதைகளை வெளியிட்டது. அதே 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சிறுவர் நூல்களைக் கைத்தொலைபேசியிலேயே பணமின்றி வாசிக்கலாம்.

இனி, பூட்டு. புத்தகத்தை இழந்த வேதனை எங்களுக்குப் புதிதல்ல. 1981 யூன் முதலாம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பின்னர் ஒவ்வோர் இடப்பெயர்விலும் பாடசாலை அலுமாரிகள் கைவிடப்பட்டு, கறையானுக்கும் மழைக்கும் இரையாயின. அதனால்தான் போலும், மிஞ்சியதைப் பூட்டி வைக்கிறோம். கண்ணாடிக்குப் பின்னால் புத்தகம் புதிதாகவே இருக்கிறது. திறப்பு அதிபரிடம் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்படுவதற்காகவே இருக்கிறது என்பது அவற்றுள் முதலாவது.

பூட்டுக்குப் பெற்றோராகிய நாமும் காரணர். "கொண்டு வராதே, துலைத்தால் யார் காசு கட்டுவது?" என்று சொல்லி அனுப்புகிறோம். அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். கிழிந்தால் ஒட்டுவோம், தொலைந்தால் தண்டப்பணம் இல்லை என்று தீர்மானம் எடுக்கலாம். வருடத்தில் சில புத்தகங்கள் போகும். விதைத்ததெல்லாம் முளைப்பதில்லை என்று அறிந்துதானே விதைக்கிறோம்.

துயரமான கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஓடும்போது ஆட்டுக்குட்டியைக் கட்டையில் விட்டு வந்த பிள்ளைக்கு, அப்படியொரு பிள்ளையின் கதை அச்சிலும் இருப்பது ஆறுதலாகலாம். கட்டாயப்படுத்தி வாசிக்க வைப்பதுதான் தவறு. சிரிப்புக் கதைகளின் பக்கத்தில் அதுவும் இருக்கட்டும், வேண்டிய பிள்ளை எடுக்கும். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் நீதி போடும் புத்தகங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கதையை ரசித்த பிள்ளையைப் பரீட்சைக்கு இருத்துவது போன்றது அது.

அலுமாரியில் இன்னும் ஒரு தட்டு வெறுமையாக இருக்கிறது. விட்டு வந்த ஊரின் குளம், அங்கு நின்ற மரம், துலாவில் இறைத்த காலம், பேய்க் கதை, நரிக் கதை எல்லாம் அப்பம்மாக்களிடமும் அம்மம்மாக்களிடமும் இருக்கின்றன. அவர்கள் சொல்ல, மூத்த பிள்ளைகள் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும், சின்னவர்கள் படம் கீறட்டும். பக்கத்துக்கு நாலைந்து வரி போதும். தாளை நடுவே மடித்து, சாக்கு ஊசியால் மூன்று துளை போட்டு, நூலால் தைத்து, தடித்த மட்டை போடுங்கள். முன்பக்கத்தில் கதை சொன்னவரின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதுங்கள். பிறகு, மற்றப் புத்தகங்களைப் போலவே அதற்கும் ஓர் இலக்கமிட்டு நூலகப் பதிவேட்டில் பதியும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.